எட்டாம் நம்பர் பூத்தும் சுடலைராஜின் துண்டும்

முள்ளிப்பட்டி சுடலைராஜ் ஆட்டுத் தரகர். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் ஆளைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்கலாம். ஒரு கிடாயின் முதுகில் அவர் கையை வைத்துவிட்டால் போதும், அந்தக் கிடாய்க்கே தெரியாத அருமை பெருமையெல்லாம் வெளியே வந்துவிடும். விற்கிறவனுக்கு மாமன், வாங்குகிறவனுக்கு மச்சான். இரண்டு பக்கமும் தரகு வாங்கி இரண்டு பக்கமும் திட்டும் வாங்குகிற தொழில் அது. இளவட்டத்திலிருந்து திட்டு வாங்கியும் மனுஷன் வாடவில்லை. கரிசல்காட்டு வெயில் காய்த்துப்போனது போல அதுவும் அவருக்குக் காய்த்துப்போயிருந்தது.

அப்படிப்பட்டவரைப் பார்த்து ஒரு டைரக்டர், "உங்க முகத்துல ஒரு நேர்மை இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னார். சொன்ன இடம் ஆட்டுச்சந்தை. சந்தை சிரித்த சிரிப்பில் கட்டிக்கிடந்த ஆடுகள் மிரண்டு கயிற்றை அறுக்கப் பார்த்தன.

டைரக்டர் பெயர் மணிகண்டபிரபு. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, சென்னைக்குப் போய், டிவித் தொடர் எடுக்கிறவர். அந்த வருஷம் அவர் கையில் இருந்தது ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் கதை. ஒரு டீச்சரம்மா தலைவர் பதவிக்கு நிற்கிறாள். ஜெயிக்க வேண்டியவள் சொற்ப ஓட்டில் தோற்றுப்போகிறாள். எட்டாம் நம்பர் பூத்தில் கள்ள ஓட்டு விழுந்ததா, எண்ணுகிற இடத்தில் கோல்மால் நடந்ததா, கூட இருந்தவனே விலைபோனானா என்று ஊர் இரண்டுபட்டுக் கோர்ட்டுக்குப் போகிறது. தொடருக்கு ‘எட்டாம் நம்பர் பூத்’ என்று பெயர். அதில் டீச்சரம்மாவின் ஓட்டு எண்ணிக்கை ஏஜென்டாக சுடலைராஜ் நடிக்க வேண்டும். கதையில் கறை படியாத ஒரே ஆள் அந்த ஏஜென்ட்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி காளீஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லவனா நடிக்கணுமாக்கும்? பழக்கமில்லாத வேலையாச்சே. ஒழுங்காச் செஞ்சிருவியளா?"

"ஏட்டி, நான் என்ன கெட்டவனா?"

"தரகன்னுதான் சொன்னேன்" என்று மறுபடி சுளகை எடுத்தாள். முகத்தில் சந்தோஷம் வழிந்தது. அவள் பேச்சு அப்படித்தான், எலுமிச்சங்காய் ஊறுகாய் மாதிரி. அது இல்லாமல் சுடலைராஜுக்குச் சோறு இறங்காது.

காளீஸ்வரியும் லேசுப்பட்டவள் இல்லை. மகளிர் குழுத் தலைவி. முள்ளிப்பட்டிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது அவள் யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்ததால்தான். போன பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்குப் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றாள். எதிரே நின்றது அழகிரிசாமியின் சம்சாரம். அழகிரிசாமி பட்டாளத்தில் இருந்து வந்தவர், வசதியானவர். நாலு ரவுண்டு எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணச் சொல்லி எண்ணி, காளீஸ்வரி பதினோரு ஓட்டில் தோற்றாள். அன்றைக்கு எண்ணுகிற இடத்தில் அவளுக்கு ஏஜென்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவர் சுடலைராஜ்.

ஊர் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போல் ஆயிற்று. "தரகனைக் கொண்டுபோய் உள்ள உக்கார வச்சா விக்காம வருவானா?" என்று பைப்படியில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள். அவள் காதிலேயே விழும்படி ஒருத்தி சொன்னபோது காளீஸ்வரி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "எம் புருசன் ஆட்டை விப்பாரு. என்னைய விக்க மாட்டாரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் முன்னால் யாரும் வாயைத் திறக்கவில்லை. சுடலைராஜுக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேரம் பேசாமல் சந்தையில் சும்மா சுற்றிவந்தார். ஒரு மனுஷனுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எந்த ஆபீசில் கிடைக்கும்?

படப்பிடிப்பு கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பருத்தி ஜின்னிங் ஆலையில் நடந்தது. அதைத்தான் ஓட்டு எண்ணும் மண்டபமாக மாற்றியிருந்தார்கள். சுடலைராஜுக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு புதுத் துண்டு. முக்கியமான காட்சி கடைசியில் வருவது. எண்ணிக்கைக்கு முன்னால் இரண்டு தரப்பு ஏஜென்டுகளும் நேருக்கு நேர் வருகிறார்கள். "ஜெயிச்சாலும் தோத்தாலும் நியாயமா நடக்கட்டும்" என்று இவர் சொல்லிக் கை நீட்ட வேண்டும். எதிரே நடித்தவன் சென்னைக்காரன், பார்க்க லட்சணமான பையன்.

டைரக்டர் ஆக்ஷன் என்றார். சுடலைராஜ் வசனத்தைச் சுத்தமாகச் சொன்னார். கை நீட்டினார். பையன் கையைப் பிடித்தான். அந்த நேரம் சுடலைராஜின் இடது கை தோளுக்குப் போனது, துண்டை உருவியது, பிடித்திருந்த இரண்டு கைக்கும் மேலே போட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் வில்லங்கம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்தால் விலை கெட்டுப்போகும். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே துண்டு விழும், துண்டுக்குள் விரலைப் பிடித்து அழுத்துவார்கள். எத்தனை விரல் என்பதுதான் விலை. துண்டு விழுந்தால் உள்ளே பேரம் நடக்கிறது என்று அர்த்தம். இது ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சுடலைராஜ் அன்று எந்தப் பேரமும் பேசவில்லை. துண்டைப் போட்டது அவருக்கே தெரியாது. ஊர்நாட்டில் யார் கை குலுக்குகிறார்கள்? கும்பிடுவோம், ‘வாங்க’ என்போம், அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் ஒரு ஆணின் கையைப் பிடித்துப் பழகினதெல்லாம் சந்தையில்தான், துண்டுக்குள்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! டைரக்டரோ டிவிப் பெட்டியில் இரண்டு முகத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "சூப்பர் அண்ணாச்சி, ஓகே" என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

தொடர் ஞாயிறுதோறும் சாயங்காலம் வந்தது. முள்ளிப்பட்டியில் அந்த நேரம் ஆடு மேய்ப்பவன்கூடச் சீக்கிரம் பட்டியை அடைத்துவிட்டு வந்துவிடுவான். கடைசி ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோவில் முன்னால் திரை கட்டினார்கள். வாடகைக்கு புரொஜெக்டர், சவுண்டு சர்வீஸ், காராச்சேவு, கலர் சோடா. சுடலைராஜின் முகம் பெரிதாகத் தெரிந்த ஒவ்வொரு தடவையும் விசில் பறந்தது. அவர் காளீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர் போல நிலத்தைக் கீறிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி வந்தது. வசனம் சொன்னார், கை நீட்டினார்.

"ஏலே! துண்டைப் பாருங்கலே!"

கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ கத்தினார்கள். கத்தி முடிக்கவில்லை, மொத்த ஊரும் எழுந்துவிட்டது. "அடப்பாவி! வித்துட்டாரு! டீச்சரம்மாவ வித்துட்டாரு!" என்று ஒரே கூப்பாடு. சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். சிலர் கைதட்டினார்கள். ஒரு கிழவர் திரையைப் பார்த்துச் செருப்பைத் தூக்கினார். டீச்சரம்மா தோற்றாள், கேஸ் கோர்ட்டில் நின்றது, படம் முடிந்தது. யாரும் கலையவில்லை. சுடலைராஜைச் சுற்றி நின்று, "எத்தனை விரல் அண்ணாச்சி? எவ்வளவுக்கு முடிச்சீரு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். திரும்பிப் பார்த்தபோது காளீஸ்வரி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

வீட்டில் அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அது தானா நடந்தது. கை பழகிப்போச்சு. சத்தியமா எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"பழக்கமா?"

"பழக்கந்தான். வேற என்ன?"

அவள் அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். பிறகு, "சரி" என்றாள். ஆனால் எதையோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி இருந்தது.

சென்னைப் பத்திரிகைகளில் விமர்சனம் வர ஆரம்பித்தது. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல்கடை வைத்திருக்கும் இசக்கிச்செல்வி எல்லாவற்றையும் தேடிப் படித்தாள். அவளுக்குத் தையல் சோறு போடும் தொழில், விமர்சனம் உயிர். யூடியூபில் சேனல் வைத்து, பார்த்த படத்தையெல்லாம் துவைத்துக் காயப்போடுவாள். சென்னை விமர்சகர்கள் தொடரை நன்றாகத்தான் திட்டியிருந்தார்கள். இழுவை என்றார் ஒருவர். ‘விலைபோனது யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை, பார்ப்பவனை ஏமாற்றும் முடிவு’ என்றார் இன்னொருவர். பெரிய விமர்சகர் என்று பேர் வாங்கிய சுதாராணி மட்டும் ஒரு காட்சியைப் பாராட்டியிருந்தார். எதிரிகள் இருவரும் கை கோக்கும்போது பெரியவர் துண்டால் அதை மூடுகிறாரே, அந்த அன்பும் கூச்சமும் கவிதை என்று எழுதியிருந்தார்.

இசக்கிச்செல்வி அதைப் படித்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்த பிளவுசை அப்படியே வைத்தாள். "கவிதையாம்லா கவிதை!" என்று கேமராவைப் போட்டாள். அந்தக் காட்சியை நிறுத்தி, துண்டைச் சுற்றி வட்டம் போட்டு, சந்தைக்குள் போய் இரண்டு தரகர்களை வைத்துச் செய்துகாட்டி, "முடிவே இல்லைன்னு யார் சொன்னது? முடிவு துண்டுக்குள்ள இருக்கு. வித்தது சுடலைராஜ் அண்ணாச்சி" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அவ்வளவுதான், தீப்பெட்டி உரசின மாதிரிப் பற்றிக்கொண்டது. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். நல்லவன் என்று எட்டு வாரம் நம்பிய ஆள்தான் விற்றவன் என்றதும் ஜனங்கள் முதலிலிருந்து மறுபடி பார்த்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் சுடலைராஜின் முழியில் கள்ளத்தனம் தெரிவதாகக் கண்டுபிடித்தார்கள். முழி என்னவோ மதியச் சாப்பாட்டுக்கு ஏங்கின முழிதான். இழுவை என்று எழுதியவர் ‘நிதானமான செதுக்கல்’ என்று மாற்றி எழுதினார். ஏமாற்று முடிவு என்றவர் மன்னிப்புக் கேட்டு நாலு பத்தி எழுதினார். தமிழில் இப்படி ஒரு நுட்பம் வந்ததில்லை என்று டிவியில் விவாதம் நடத்தினார்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஒருவர்கூட அந்தத் தரகரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

சந்தையில் சுடலைராஜுக்கு ராஜ மரியாதை. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஆடு வாங்க வந்தவனைவிடத் துண்டுக்குள் கைவிட்டு செல்ஃபி எடுக்க வந்தவன் அதிகம். "என் டீச்சரம்மாவ எத்தனைக்கு வித்தீரு?" என்று ஒரு கல்லூரிப்பெண் கேட்டாள். "அது தொழில் ரகசியம்மா" என்று இவர் மீசையைத் தடவினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாட்களில் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு சாயங்காலம் டிவியில் டைரக்டர் மணிகண்டபிரபுவின் பேட்டி வந்தது. வீட்டில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டு யோசனை எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மண்ணைத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் புரியணும்னு வச்ச குறிப்பு அது. சுடலைராஜ் அண்ணாச்சிகிட்ட நான்தான் சொன்னேன், கை குடுக்கும்போது துண்டைப் போடுங்கன்னு. அவர் அழகாச் செஞ்சாரு."

காளீஸ்வரி டிவியை அணைத்தாள்.

"பழக்கம்னு சொன்னிய. அவரு சொல்லிக்குடுத்தேன்னு சொல்லுதாரு. எது நெசம்?"

அன்று காலையில்தான் டைரக்டர் சுடலைராஜுக்குப் போன் பண்ணியிருந்தார். இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்கள். விற்ற ஏஜென்ட்தான் இனி கதாநாயகன் மாதிரி. "யார் கேட்டாலும் டைரக்டர் சொன்னாருன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. அது மட்டும் மாறிடக் கூடாது" என்றார். இவரும் தலையை ஆட்டிவிட்டார். இப்போது காளீஸ்வரியிடம் என்ன சொல்ல?

"பெரிய ஆளுக, அவிய ஏதோ சொல்லுவாக. உனக்கெதுக்கு அது?"

"எனக்குத்தான் அது" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "கவுண்டிங் அன்னைக்கு ரிசல்ட் சொன்ன உடனே அழகிரிசாமி வந்து கை நீட்டுனாரு. நீங்க பிடிச்சிய. நான் தடுப்புக் கயித்துக்கு இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பவும் துண்டு விழுந்துச்சு. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. ஆனா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பாவி மனசுதான் தப்பாப் பாக்குதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன். படம் பாத்த ராத்திரி பழக்கம்னு சொன்னிய, சரி அதுதான்னு உசுரு வந்துச்சு. இப்ப சொல்லிக்குடுத்தாத்தான் துண்டு விழும்னா, அன்னைக்கு யார் சொல்லிக்குடுத்தா?"

சுடலைராஜுக்கு அழகிரிசாமி கை நீட்டியது ஞாபகம் இருந்தது. துண்டு போட்டது ஞாபகமே இல்லை. இத்தனை வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா இவள் தனக்குச் சோறு போட்டாள், தனக்காக ஊரோடு சண்டை போட்டாள்? "காளி, அது பழக்கந்தான்ட்டி" என்றார்.

"அப்ப டைரக்டர் சொன்னது பொய்யி. அதை ஊரறியச் சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னா அது தரகன் பேச்சு."

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள். சொல்ல வேண்டியதைக் கொட்டிலில் நின்ற வெள்ளாட்டிடம் சொன்னாள். "ஏட்டி, குழம்பு ஆறுது. கேக்க வேண்டியவிய காதுல சொல்லு" என்பாள். ஆடு அசைபோடும். சுடலைராஜ் எழுந்து போய்ச் சாப்பிடுவார். உறைக்காத அந்தச் சாப்பாடு அவருக்கு மண்ணாக இருந்தது.

இதற்குள் கோவில்பட்டியில் விமர்சனக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். எட்டயபுரம் ரோட்டில் கல்யாண மண்டபம். டைரக்டர் வருகிறார், சென்னையிலிருந்து விமர்சகர் சுதாராணி வருகிறார், நம்ம சுடலைராஜுக்குப் பொன்னாடை. ஊரே கிளம்பியது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் முன்வரிசை, கடைக்காரர்கள் நடுவரிசை, முள்ளிப்பட்டி வேன் பிடித்து வந்து ஓரமெல்லாம் நின்றது. காளீஸ்வரி வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். பெண்கள் பக்கம் ஆறாவது வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

இசக்கிச்செல்வி பேசினாள், மண்டபம் அதிர்ந்தது. சுதாராணி பேசினார். துண்டைக் கவிதை என்று எழுதியதற்குத் தன்னையே கிண்டல் செய்துகொண்டார், அதற்கும் கைதட்டு. டைரக்டர் எழுந்து, அந்த ஒரு அசைவுக்காக எத்தனை இரவு யோசித்தேன் தெரியுமா என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். கடைசியில், "அண்ணாச்சி, நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்னு நீங்களே சொல்லுங்க" என்று மைக்கைச் சுடலைராஜ் கையில் கொடுத்தார்.

அவர் மைக்கை இடது கையில் பிடித்தார். எதிரே அத்தனை முகம். ‘ஆமா, டைரக்டர் சொன்னாரு’ என்று மூன்று வார்த்தை போதும். இரண்டாம் பாகம், சென்னை, போஸ்டர் எல்லாம் வந்துவிடும். ஆசை இல்லாமலா? தொண்டைவரை வந்தது ஆசை. ஆறாவது வரிசையைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல" என்றார்.

கைதட்டத் தூக்கின கைகள் அப்படியே நின்றன.

"டைரக்டர் தம்பி நல்லவரு. ஆனா துண்டு அவரு சொன்னது இல்ல. நான் நெனச்சுச் செஞ்சதும் இல்ல. கை தானாப் போச்சு. எனக்குக் கையப் பிடிச்சாத் துண்டு விழுந்துரும். படத்துல வர்ற ஏஜென்ட் எதையும் விக்கல. நீங்கல்லாம் சேந்துதான் அந்தாளை வித்தவன்னு ஆக்கிட்டிய. நானும் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

டைரக்டர் முகம் சுண்டிப்போனது. முன்வரிசையில் சலசலப்பு. "இப்ப மாத்திப் பேசுதாரு!" என்றது ஒரு குரல். "தரகன் புத்தி!" என்றது இன்னொன்று. இசக்கிச்செல்வி எழுந்து நின்று, "அதெப்படி அண்ணாச்சி, துண்டு போட்டது தெரியாமயா இருக்கும்? நம்புற மாதிரியா இருக்கு?" என்றாள். அவள் விமர்சனமே ஆட்டம் காண்கிறதே, விடுவாளா! கூச்சல் கூடிக்கொண்டே போனது. சொன்னதை நிரூபிக்கச் சுடலைராஜிடம் என்ன இருக்கிறது?

சுதாராணிதான் நாற்காலியை விட்டு எழுந்தார். நல்ல பெண்மணி. நம்பினாரோ இல்லையோ, இத்தனை பேர் முன்னால் கிடைக்கிற பேரை வேண்டாம் என்று சொன்னவரைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. "நீங்க சொன்னதுக்கு ஒரு தைரியம் வேணும் சார்" என்று பட்டணத்து வழக்கப்படி விசுக்கென்று கையை நீட்டினார்.

சுடலைராஜ் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த கணமே இடது கை மைக்கை விட்டுவிட்டது. மைக் மேடையில் டொம்மென்று விழுந்து கிர்ரென்று ஊளையிட்டது. இடது கை தோளுக்குப் போய், போர்த்தியிருந்த பொன்னாடையை விலக்கி, அடியில் கிடந்த துண்டை உருவி, சென்னை விமர்சகரின் கைக்கு மேலே அழகாகப் போட்டுவிட்டது.

சுடலைராஜ் கீழே குனிந்து பார்த்தார். துண்டைப் பார்த்தார். சுதாராணியைப் பார்த்தார். "அய்யய்யோ, மன்னிச்சிருங்கம்மா" என்று பதறினார்.

மண்டபம் வெடித்தது. நாற்காலிமேல் ஏறிச் சிரித்தார்கள். தீப்பெட்டி முதலாளி ஒருவர் சிரிப்பு தாங்காமல் பக்கத்துக்காரர் மடியில் சாய்ந்தார். "எத்தனை விரல்மா?" என்று பின்வரிசை கத்தியது. சுதாராணி துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்காமலே, "நிஜமா ஒண்ணும் பேசலைங்க, நான் சாட்சி!" என்று கத்தினார். இசக்கிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். மணிகண்டபிரபுகூட, மெச்ச வேண்டும், தலையைக் குனிந்துகொண்டே சிரித்தார்.

ஆறாவது வரிசையிலிருந்து காளீஸ்வரி எழுந்து வந்தாள். வழிவிட்டார்கள். மேடை ஏறி, கீழே கிடந்த மைக்கை எடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தது.

"நான் காளீஸ்வரி, முள்ளிப்பட்டி. போன தேர்தல்ல பதினோரு ஓட்டுல தோத்தவ" என்றாள். கூட்டம் அடங்கியது. "என் புருசன் என்னைய வித்துட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னிய. நான் இல்லன்னு சண்ட போட்டேன். ஆனா எனக்குள்ளயும் ஒரு சந்தேகம் கெடந்துச்சு. அன்னைக்கும் இந்தத் துண்டு விழுந்தத நான் பாத்தேன். இன்னைக்குத்தான் அது போச்சு. ஜனங்க எனக்குப் பதினோரு ஓட்டு கம்மியாப் போட்டாங்க, அதான் தோத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

முள்ளிப்பட்டிக்காரர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

"பஞ்சாயத்துத் தேர்தல் எப்ப வச்சாலும் நான் மறுபடி நிக்கேன். இப்பவே சொல்லிட்டேன்."

விசில் பறந்தது. சுடலைராஜ் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார். "ஏஜென்ட் யாருக்கா?" என்று முள்ளிப்பட்டி வேனில் வந்த ஒரு இளவட்டம் வம்புக்குக் கேட்டான்.

காளீஸ்வரி திரும்பினாள். பல நாள் கழித்து அன்றுதான் ஆட்டிடம் சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வேற யாரு? நீங்கதான். வருவியள்ல?"

"வாரேன்ட்டி" என்றார் சுடலைராஜ். மைக் இல்லாததால் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அத்தனை பேர் முன்னால் அந்த மீசைக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.